எண்ணெய் கலந்த தரைக்கீழ் நீரும் கணித வழித் தூய்மையாக்கமும்: ஒரு வரலாற்று நோக்கு

கிணற்று நீர் பழுதுற்றால் அதனை இறைத்துவிடுதலே மருந்து என்பது நம் நாட்டார் தொன்றுதொட்டுக் கொண்டுள்ள எண்ணமாகும். எலி விழுந்தாலும், மாரி வெள்ளம் புகுந்தாலும், சருகு அழுகினாலும் கிணற்றை அடிதெரிய இறைத்து, சேற்றை வாரி, மீண்டும் ஊறவிடுவர். எத்துணை இறைத்தல் வேண்டும் என்பதற்கும் முன்னோரிடத்துக் கணக்கு இருந்தது. இஸ்லாமியச் சட்ட மரபுகளுள் ஒன்றாகிய ஹனபி மத்ஹபின் நூல்கள், எலி வீழ்ந்து இறந்த கிணற்றுக்கு 20 முதல் 30 வாளி வரையென்றும், ஆடு போன்ற பெரிய உயிர் இறந்ததாயின் நீர் முழுவதையும் என்றும் விதிக்கும். எமது கரையிற் பெரிதும் வழங்கும் ஷாபிஈ மரபோ வாளிக் கணக்குக் கூறாது, நீரின் அளவையும், அதன் நிறம், சுவை, மணம் ஆகியவற்றின் மாற்றத்தையும் நோக்கித் தீர்ப்புக் கூறும். இவை சமயச் சுத்தம் பற்றிய விதிகள். நீரியல் பற்றியன அல்ல. எனினும் எவ்வளவு இறைத்தாற் போதும் என்னும் வினா மிகப் பழையது என்பதற்கு இவை சான்றாம்.

அவ்வினா இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் புதியதொரு வடிவத்தில் எழுந்தது. பெற்றோலிய எண்ணெய் நிலத்துட் புகுந்து தரைக்கீழ் நீரைக் கெடுத்தவிடத்து, எங்கெங்கே கிணறு தோண்டி, எவ்வளவு நீரை, எத்தனை ஆண்டு இறைத்தால், ஆகக் குறைந்த செலவில் அந்நீர் தூய்மையுறும் என்று கணினியிடம் கேட்கும் முறை ஒன்று உருவாயிற்று. அம்முறையின் வரலாற்றையும், நம் நாட்டிலே சுன்னாகத்தில் நிகழ்ந்த கேட்டிற்கு அஃது எங்ஙனம் பொருந்தும் என்பதையும் ஈண்டு ஆராய்வாம்.

இறைத்தலே மருந்து என்னும் எண்ணம் எக்காலும் மெய்யாகாது என்பதை இக்கீழ்க்கரையில் வாழும் நாம் சுன்னாகத்தைக் கேள்வியுறுமுன்னரே கண்டுகொண்டோம். 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை புகுந்து, நாட்டிலேயே மிகுந்த உயிரிழப்பை அம்பாறை மாவட்டத்தில் விளைத்தது. உயிர் தப்பியோருக்குக் கிணறுகள் உவர்நீராய் எஞ்சின. உதவிக்கு வந்தோர் யந்திரங்களைக் கொண்டு கிணறுகளை மீண்டும் மீண்டும் இறைத்தனர். நன்னோக்கத்தோடு செய்த அவ்வேலை எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. மணற்படையில் நன்னீர் மெல்லியதொரு படலமாகக் கடல்நீரின்மேல் மிதந்துகொண்டிருப்பது. மேலேயுள்ளதை வலிந்து இறைத்தாற் கீழேயுள்ள உவர்நீர் கூம்புபோல் எழுந்து கிணற்றை அடையும். சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தார் மட்டக்களப்பு மாவட்டக் கரையோரக் கிணறுகளை ஆராய்ந்தபோது, உப்பை அகற்றியது பெரும்பாலும் பருவமழையே என்றும், அடிக்கடி இறைத்ததால் விளைந்த நன்மை சிறிதே என்றும் கண்டனர். இறைத்தல் ஒரு விசை. அவ்விசை எதனை எப்பக்கம் இழுக்கும் என்று அறியாமற் செலுத்துதல் தகாது.

இனிச் சுன்னாகத்துக்கு வருவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லை. குடிப்பதற்கும் தோட்டத்துக்கும் மக்கள் நம்பியிருப்பது கிணற்று நீரையே. சுன்னாகத்தில் நெடுங்காலமாக அனல்மின் நிலையம் இயங்கிவந்தது. போருக்குப் பிந்திய ஆண்டுகளிலே சுற்றுப்புறத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதப்பதாக மக்கள் முறையிட்டனர். தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையினர் 2013 இறுதி தொடக்கம் 2014 நடுப்பகுதி வரை 150 கிணறுகளைச் சோதித்ததில் 109 கிணறுகளில், அஃதாவது நூற்றுக்கு 73 விழுக்காட்டில், எண்ணெயும் கொழுப்பும் ஏற்கத்தக்க அளவை மீறியிருக்கக் கண்டனர். எண்ணெய் எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது, அது நச்சுடையதா அன்றா என்பன பற்றி நிபுணர்களிடையே கருத்துவேற்றுமை எழுந்தது. போர்க்காலத்து எண்ணெய்த் தாங்கிகளின் சேதமும் காரணமாகப் பேசப்பட்டது. 2015 இல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு ஒன்று தாக்கல் செய்யப்பட்டது. 2019 ஏப்பிரல் 4ஆம் நாள் வழங்கிய தீர்ப்பில், நொதேர்ன் பவர் கம்பனியின் அனல்மின் நிலையத்தால் அப்பகுதியின் தரைக்கீழ் நீர் மாசுற்றது என நீதிமன்றம் முடிவு செய்து, மாசுபடுத்தியோரே ஈடு செய்தல் வேண்டும் என்னும் கோட்பாட்டின்படி 2 கோடி ரூபா செலுத்தப் பணித்தது. 500 பேருக்கு மேற்படாமல், ஒருவருக்கு 40,000 ரூபாவுக்கு மேற்படாமல் அத்தொகை பகிரப்படல் வேண்டும் என்பது ஏற்பாடு.

நீதி என்னும் வகையில் இத்தீர்ப்புச் சிறப்புடையது. ஆனால் ஈடு கிணறு கிணறாகப் பகிரப்பட்டது. கெட்டதோ கிணறுகளை எல்லாம் ஊட்டும் ஒரே நீர்கொள் படை. ஒருவர் தம் கிணற்றை இறைத்துச் சுத்திகரித்தாலும், அயல் வளவின் கீழுள்ள எண்ணெய் அதனுள் வந்து சேரத் தடையில்லை. அன்றியும் அவர் இறைப்பதே அதனை அழைக்கும். கணினி முறையின் வரலாற்றை யாம் இங்கு எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் இதுவே. அம்முறை தொடக்கமுதல் நீர்கொள் படையை ஒன்றாக வைத்து நோக்குவது.

முதற்கண் எண்ணெயின் இயல்பை அறிதல் வேண்டும். நிலத்திற் சிந்திய எண்ணெய் கீழிறங்கி, நீரிலும் இலேசானமையால் நீர்மட்டத்தை அடைந்து அதன்மேற் பரவும். கோடையில் நீர்மட்டம் தாழ அதுவும் உடன் தாழ்ந்து மண்துளைகளில் ஒட்டிக்கொள்ளும்; மாரியில் நீர் உயர்ந்தால் ஒரு பகுதி நீருக்கடியிற் சிக்கி நின்றுவிடும். இங்ஙனம் சிக்கிய துளிகளை எந்த யந்திரமும் இழுத்தெடுக்க முடியாது. அவற்றினின்று பென்சீன், தொலுயீன் முதலிய கூறுகள் சிறிது சிறிதாக நீரிற் கரைந்து நீரோட்டத்துடன் செல்லும். பென்சீன் ஒரு லீற்றர் நீரில் ஏறத்தாழ 1,800 மில்லிகிராம் வரை கரையவல்லது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் அதற்கு வகுத்த வழிகாட்டளவோ 0.01 மில்லிகிராம். மூக்குக்குத் தெரியுமுன்னரே நீர் கெட்டிருக்கலாம் என்பது இதனாற் பெறப்படும். பெற்றோலிற் பென்சீன் மிகுதி. மின்னிலையங்களில் எரிக்கும் கனவெண்ணெயில் அது மிகக் குறைவு. ஆதலாற் பென்சீன் காணப்படவில்லை என்பதுகொண்டு எண்ணெயே இல்லை எனத் துணிதல் ஆகாது. எண்ணெயும் கொழுப்பும் மிகுந்தமை கொண்டு பென்சீன் உண்டு எனத் துணிதலும் ஆகாது.

தரைக்கீழ் நீரைக் கணக்கிடும் கலைக்கு வித்திட்டவர் ஹென்றி டார்சி என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர். தம் ஊராகிய டிஜோன் நகரத்துக்கு நீர் வழங்கும் வேலையிலே, மணல் நிரப்பிய குழாயினூடு நீரைச் செலுத்தி, செல்லும் நீரின் அளவு நீர்மட்ட வேறுபாட்டுக்கு நேர்விகிதமும் மணலின் நீளத்துக்கு நேர்மாறு விகிதமும் உடையது என 1856 இல் வெளியிட்டார். இன்றைய கணினி மாதிரிகள் யாவும் இவ்விதியின்மீதே நிற்பன. 1935 இல் அமெரிக்கரான சார்ள்ஸ் தைஸ், கிணறு இறைக்கப்படுங்காற் சுற்றிலும் நீர்மட்டம் காலத்தோடு எவ்வாறு தாழும் என்பதற்குச் சமன்பாடு தந்தார். நீர் மண்ணிற் செல்லுதல் வெப்பம் உலோகத்திற் செல்லுதலை ஒத்தது என உணர்ந்து, கணித நண்பர் ஒருவரின் துணைகொண்டு வெப்பக் கணிதத்தையே நீருக்கு மாற்றிக்கொண்டமை அவர்தம் திறம்.

ஆயினும் நிலம் எங்கணும் ஒருபடித்தானதன்று. பல கிணறுகளும் பல மண்வகைகளும் கூடியவிடத்து இச்சமன்பாடுகளைக் கையாற் தீர்த்தல் இயலாதாயிற்று. 1950களிலே அமெரிக்கப் புவிச்சரிதவியல் திணைக்களத்தார் சுவையானதொரு வழி கண்டனர். தடையிகளையும் கொள்ளளவிகளையும் ஆயிரக்கணக்கில் வலைபோற் பொருத்தி, மின்னழுத்தத்தை நீர்மட்டமாகவும் மின்னோட்டத்தை நீரோட்டமாகவும் கொண்டு, பலகையின்மீது ஒரு பள்ளத்தாக்கின் தரைக்கீழ் நீரையே ஒப்பனை செய்தனர். பின்னர் இலக்கக் கணினி அப்பலகையின் இடத்தைப் பற்றிக்கொண்டது. நிலத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் புகும் நீரும் போகும் நீரும் ஒத்திருக்குமாறு கணக்கிடுதலே முறை. 1968 இல் பின்டர், பிரெடஹோவ்ட் ஆகியோர் இதனைச் செய்து காட்டினர். 1984 இல் வெளிவந்த மொட்புளோ என்னும் நிரலை இன்றும் உலகெங்கும் நீரியலாளர் பயன்படுத்துகின்றனர். அதன் நிரல் இலவசமாகக் கிடைப்பது. எளிய நாட்டாரும் பெறத்தக்கது.

நீர் எங்கே செல்லும் என்பதோடு, அதில் ஏறிச் செல்லும் மாசு என்னாகும் என்பதையும் கூறல் வேண்டும். எண்ணெயைப் பொறுத்தமட்டில் இங்கொரு புதுமை உண்டு. மண்ணில் வாழும் பற்றீரியாக்கள் எண்ணெயின் கரைந்த கூறுகளை உணவாகக் கொள்வன; அதற்கு ஒட்சிசன் வேண்டும்; நீரிலுள்ள ஒட்சிசன் சிறிதே ஆதலால் அது தீரும் இடத்தில் வேலை மந்தமாகும். ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போர்டன், பெடியன்ற் என்போர் 1986 இல் இதனைச் சமன்பாடாக்கினர். அவ்வழியிற் பிறந்த பயோபுளூம் என்னும் நிரல், எவ்வளவு ஒட்சிசனை எங்கே செலுத்தினாற் பற்றீரியாக்கள் எவ்வளவு மாசை உண்ணும் என்று மதிப்பிடத் துணைசெய்தது.

மாதிரி ஒன்று, இப்படி இறைத்தால் இது நிகழும் என்று விடை கூறும். எப்படி இறைப்பது நல்லது என்று தானே கூறாது. இருபது இடங்களிற் கிணறு தோண்டலாம் எனக் கொள்வோம். ஒவ்வொன்றையும் தோண்டுவதா விடுவதா என்னும் இரு தெரிவு மட்டுமே கொண்டாலும் 10,48,576 வகைத் திட்டங்கள் உளவாகும். ஒரு திட்டத்தைக் கணினி ஒரு நிமிடத்திற் சோதித்தால் யாவற்றையும் சோதிக்க 728 நாட்கள் செல்லும். எவ்வளவு இறைப்பது, எத்தனை ஆண்டு என்பன இன்னும் கணக்கிற் சேரவில்லை. எனவே, யாவற்றையும் சோதியாமலே சிறந்ததை அடையும் கணிதம் வேண்டியதாயிற்று. அஃது வேறொரு துறையில் ஏற்கெனவே பிறந்திருந்தது. 1939 இல் சோவியத்து நாட்டுக் கன்டரோவிச் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காகவும், 1947 இல் அமெரிக்க டான்சிக் விமானப்படையின் திட்டமிடலுக்காகவும், கட்டுப்பாடுகளுக்கு அடங்கி ஒன்றைக் குறைந்த அளவாகவோ கூடிய அளவாகவோ ஆக்கும் முறையை வகுத்தனர். பலகை அறுக்கப் பிறந்த கணக்கு நீரைத் தூய்மையாக்க வந்ததை எண்ணுந்தோறும் எமக்கு வியப்பே.

1974 இல் அகுவாடோ, ரெம்சன் ஆகியோர் நீரோட்டச் சமன்பாடுகளையே இக்கணக்கின் கட்டுப்பாடுகளாக அமைத்தனர். 1984 இல் கொரெலிக்கும் அவர்தம் கூட்டாளிகளும் மாசு செல்லும் மாதிரியையும் உத்தமத் தெரிவுக் கணிதத்தையும் இணைத்து, நீர்கொள் படையை மீட்கும் திட்டத்தை வகுத்து வெளியிட்டனர். செலவு குறைதல் வேண்டும். குறித்த இடங்களில் மாசு குறித்த அளவை மீறலாகாது. எந்தக் கிணறும் அதன் வலுவுக்கு மேல் இறைக்கலாகாது. இவையே அக்கணக்கின் சாரம். 1990களில், உயிர்கள் தலைமுறை தோறும் கலந்து தேறுவதைப் பின்பற்றிய தேடல் முறையும் இதனுட் புகுந்தது. நீரின்மேல் மிதக்கும் எண்ணெயை மீட்பதற்கென்றே கூப்பர், பெரல்ற்றா, கலுஆராச்சி ஆகிய மூவர் யூற்றா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உத்தமத் தெரிவு முறை ஒன்றை வகுத்து 1998 இல் வெளியிட்டனர். மூன்றாவது பெயர் இலங்கை வாசகருக்கு அந்நியமாகாது.

கணக்கு இங்ஙனம் வளர, களத்தில் நிகழ்ந்தது என்ன? அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிச் சபை, இறைத்துச் சுத்திகரிக்கும் முறை கையாளப்பட்ட 77 இடங்களை ஆராய்ந்து 1994 இல் அறிக்கை தந்தது. இலக்கை அடைந்ததாகக் கூறப்பட்டவை 8 மட்டுமே. மினசோட்டா மாநிலத்துப் பெமிட்ஜி அருகே 1979 ஓகஸ்ட் 20ஆம் நாள் குழாய் வெடித்துச் சுமார் 17 இலட்சம் லீற்றர் மசகெண்ணெய் சிந்தியது. அள்ளியும் எரித்தும் மண்ணை அகற்றியும், ஏறத்தாழ 4 இலட்சம் லீற்றர் நிலத்துள் எஞ்சியது. 1983 முதல் அவ்விடத்தை ஒரு திறந்த ஆய்வுகூடமாக வைத்து நோக்கிய விஞ்ஞானிகள், பற்றீரியாக்களின் வேலையாற் கரைந்த மாசு வெகுதூரம் பரவாது தடைப்பட்டதைக் கண்டனர். 1999 முதல் 2003 வரை மீண்டும் இறைத்து ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட லீற்றர் எண்ணெய் எடுத்தும், எஞ்சியதே மிகுதி. அப்படியாயின் உத்தமத் தெரிவால் ஆவது யாது? அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களமும் சுற்றாடல் முகவரகமும் மூன்று படைத்துறை நிலையங்களில் இதனைச் சோதித்து 2004 இல் முடிவு கூறின. அவ்விடங்களின் மாசு எண்ணெயன்று; வெடிமருந்தும் கரைப்பான்களும். எனினும் பாடம் பொதுவானது. அனுபவமிக்க பொறியியலாளர் தம் மதியாற் தேடிக் கண்ட திட்டங்களிலும், கணிதம் கண்டவை 5 முதல் 50 விழுக்காடு வரை சிறந்திருந்தன; பெரும்பாலும் 20 விழுக்காட்டளவு. சிக்கிய துளியைக் கணிதம் விடுவிக்கமாட்டாது. வீணாக இறைப்பதைத் தவிர்க்கும். எப்போது நிறுத்தி, மீதியைப் பற்றீரியாக்களிடம் விடலாம் என்று அறியவும் துணைசெய்யும்.

இவற்றைச் சுன்னாகத்தோடு பொருத்திப் பார்க்குமிடத்து இரு தடைகள் எதிர்ப்படும். முதலாவது, பாறை. டார்சியின் விதி மணற்குழாயிற் பிறந்தது. வலிகாமத்துச் சுண்ணக்கல்லோ நீரரித்த வெடிப்பும் குகையும் உடையது. புத்தூரின் நிலாவரையும் கடலோரத்துக் கீரிமலை ஊற்றும் அதற்குச் சாட்சி. அத்தகைய பாறையில் எண்ணெய் ஒரு வெடிப்பைப் பற்றிக்கொண்டு விரைந்து சென்று, இடையிலுள்ள கிணறுகளைத் தொடாது தூரத்துக் கிணற்றிற் தோன்றவுங் கூடும். அயலார் இருவருள் ஒருவர் கிணறு கெட, மற்றவரது நன்றாயிருத்தலை ஐயுற்றுப் பொய்யெனத் தள்ளுதல் முறையன்று. பாறையின் இயல்பே அதற்கு இடந்தரும். கட்டங்களாகப் பிரிக்கும் சாதாரண மாதிரி இங்கே வழிதவறலாம். வெடிப்புகளைத் தனியே காட்டும் மாதிரி வேண்டும்.

இரண்டாவது தடையே பெரிது. குடாநாட்டின் நன்னீரும் எமது கரையினதைப் போலவே உவர்நீரின்மேல் மிதப்பது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிற் கைபன், 1901 இல் ஹெர்ஸ்பேக் ஆகியோர் காட்டியபடி, நன்னீர் மட்டம் 1 அடி தாழின், காலப்போக்கிற் கீழுள்ள உவர்நீர் எல்லை ஏறத்தாழ 40 அடி எழும். எண்ணெயை விரைந்து இழுப்பதற்காக வலிய இறைத்தாற் கீழிருந்து உப்பு வரும்; உப்புக்கு அஞ்சி மெல்ல இறைத்தால் எண்ணெய் அயலே பரவும். அத்துடன் சூழவுள்ள தோட்டங்களில் வெங்காயத்துக்கும் மரக்கறிக்கும் நாடோறும் நீர் இறைக்கும் யந்திரங்கள் பல. அவை ஒவ்வொன்றும், எவரும் கருதாமலே, எண்ணெயைத் தன்பால் ஈர்க்கும் ஒரு கிணறு. மேலே எண்ணெய், கீழே உப்பு, பக்கத்திற் தோட்டக்காரனின் பயிர் என்னும் மூன்றையும் ஒருங்கே கட்டுப்பாடாக வைத்து ஆராயக்கூடிய கருவி உத்தமத் தெரிவுக் கணக்கைவிட வேறொன்று இருப்பதாக யாம் அறியோம். இன்ன பகுதியில் இன்ன மாதங்களில் மட்டும் தோட்ட இறைப்பைக் குறைத்தாற் போதும் என்று அது கூறினும் கூறலாம். அப்போது ஈடு பெற வேண்டியவர் எண்ணெய் மிதந்த கிணற்றுக்குரியவர் மட்டுமல்லர். இறைப்பைக் குறைத்த தோட்டக்காரரும் ஆவர். 40,000 ரூபாவை 500 ஆற் பெருக்கிய கணக்கில் அவருக்கு இடமில்லை.

கல்முனையிலிருந்து பாலமுனை ஊடாகப் பொத்துவில் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையோரத்திலும் எரிபொருள் நிலையங்கள் உள. அவற்றின் தாங்கிகள் மண்ணுட் புதைந்திருப்பன. இங்கே பாறையில்லை, மணலே. டார்சியின் விதி இங்கு நன்கு பொருந்தும். மாதிரி அமைத்தலும் எளிது. ஆனால் மணலில் நீர்மட்டம் சில அடி ஆழத்திலேயே இருத்தலால், கசியும் எண்ணெய் அதனை அடைய நாட்கள் பல வேண்டா. மாதிரிக்கு முதலில் வேண்டுவது ஒவ்வொரு கிணற்றிலும் மாரியிலும் கோடையிலும் அளந்து குறித்த நீர்மட்டம். அதனை அளக்க முடிச்சிட்ட கயிறும் ஒரு குறிப்புப் புத்தகமும் போதும். கசிவு நிகழ்ந்த பின்னர் அளக்கத் தொடங்கினால், முன்னர் நீர் எப்பக்கம் ஓடியது என்பதை எந்தக் கணினியாலும் உறுதியாகக் கூறமுடியாது.